காது என்றொரு கட்டம்

உடல்நலப் பதிவேட்டில் பிள்ளைக்கு ஒரு வரி.
எடை, உயரம், பல், கண், காது.
எடைக்குத் தராசு இருக்கிறது. உயரத்துக்குச் சுவரில்
நானே வரைந்த ஒட்டகச்சிவிங்கி.
காதுக்கு எதுவும் இல்லை.
மூன்று வருஷமாய் அந்தக் கட்டத்தில்
மேலிருந்து கீழாக
வேலிக்குக் கல்கால் நடுவது போல
நன்று நன்று நன்று என்று
எழுதிக்கொண்டு போயிருக்கிறேன்.

சோமனூருக்குத் தெற்கே எங்கள் ஊர்.
பள்ளிக்கு மேற்கே எட்டுத் தறி, கிழக்கே பன்னிரண்டு.
வாசலில் தூங்கும் நாயின் வயிறுகூட
அந்தத் தாளத்தில்தான் ஏறி இறங்கும்.

மூன்றாம் வகுப்பு தன்விகா
கத்தித்தான் பேசுவாள்.
"டீச்சர், ஒண்ணுக்குப் போகோணும்" என்பதைக்கூடச்
சந்தையில் விலை கூவுவது மாதிரி.
கரும்பலகையைப் பார்த்தபடி நான் கேட்ட கேள்விக்கு
ஒருநாளும் பதில் சொன்னதில்லை.
திமிர் என்றேன்.
ஒருதரம் புங்கமரத்தடியில் நிற்கவைத்தேன்.
போதும், உள்ளே வா என்று வாசலிலிருந்து
இரண்டு முறை கூப்பிட்டேன்.
எறும்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
அதையும் திமிர்க்கணக்கில் சேர்த்தேன்.

புதன்கிழமை மருத்துவ வண்டி வந்தது.
நகம் பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள்,
பூச்சி மாத்திரையை மென்று முழுங்கவைத்தார்கள்.
சொத்தைப்பல்லை மறைக்க
வாய் திறக்காமலே சிரித்தான் ஒருவன்.
கிளம்பும் நேரத்தில் நர்ஸ் அமுதவேணி
சத்துணவுக்கூடத்தில் ஒரு தட்டை வாங்கிவந்து
பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் கீழே போட்டார்.
இருபத்தொரு தலைகள் திரும்பின.
ஒரு சிவப்பு ரிப்பன் மட்டும் அசையவில்லை.

மைனாவதி இரவு ஷிப்ட் முடித்துத்
தலைமுடியில் பஞ்சோடு வந்தாள்.
"ஏனுங் டீச்சர், எங்கூட்ல எல்லாருமே கத்தித்தானுங் பேசுவோம்.
தறி ஓடறப்ப வாயப் பாத்துத்தானுங் புரிஞ்சுக்குவோம்.
இவளும் அப்படித்தான்னு இருந்துட்டமுங்."

அவ்வளவு சத்தத்தில் அது
யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.
என் வகுப்பறையில் பட்டது.
நான் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தேன்.

கோவை பெரியாஸ்பத்திரிக்கு மூன்று நடை.
செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறதாம்,
வடிந்துவிடுமாம், குறை கொஞ்சம் மிச்சமிருக்கலாமாம்.
எவ்வளவு மிச்சம் என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது சாக்பீஸை வைத்துவிட்டுத்
திரும்பி நின்ற பிறகே பேசுகிறேன்.
முதல்வரிசைக்கு வந்துவிட்டாள் தன்விகா.
அவளைவிட அதிகம் கை தூக்குகிறவன்
ஒடிசாவிலிருந்து வந்த பிபின்.
பாதித் தமிழோடு உட்கார்ந்திருந்த அவனுக்கும்
என் உதடுகள் தேவைப்பட்டிருக்கின்றன.

இந்த மாதப் பதிவேட்டுக்கு
ஒவ்வொரு பிள்ளையின் பின்னாலும் போய் நின்று
மெல்லப் பேர் சொன்னேன்.
சர்வின் திரும்பவில்லை.
இன்னொரு தரம். இல்லை.
உள்ளங்கை வேர்க்க முன்னால் போய்ப் பார்த்தேன்.
கண் பாதி மூடியிருந்தது.
"சாப்பிட்டியா?"
"அம்மாக்கு ஷிப்ட் விடலைங் டீச்சர். தூங்கிட்டேனுங்.
மணியடிச்சப்பறந்தான் எந்திரிச்சேன்."

காலை உணவுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று.
சமையல்கார அம்மா பேசாமல்
தனக்கு எடுத்துவைத்திருந்த கிச்சடியைத் தட்டில் போட்டார்.
பாதித் தட்டு காலியானதும் பின்னால் போய்
ரொம்ப மெதுவாக, ஏறத்தாழ மூச்சால்,
சர்வின் என்றேன்.
"இருங் டீச்சர்" என்றான் திரும்பாமல்,
வாய் நிறைய.

காதுக் கட்டத்தில் நன்று என்று எழுதினேன்.
பசிக்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை.
ஸ்கேல் எடுத்து, ஓரத்தில் மிச்சமிருந்த வெள்ளையில்
மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தேன்.
கொஞ்சம் கோணல்தான்.